உப்புநீரில் மிதந்த எண்ணெய்

கார்குழலிக்குச் சளியைக் கண்டால் குமட்டும். பத்தொன்பது வருடமாக அவள் சம்பளம் வாங்குவதோ சளியைப் பார்ப்பதற்குத்தான்.

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்குப் பின்னால் இருக்கும் ஆய்வகத்தில் அவள் மூத்த டெக்னீஷியன். நெஞ்சுச் சளி, நுரையீரலைச் சுற்றித் தேங்கும் நீர், நுரையீரலுக்குள் உப்புநீரை விட்டுக் கழுவி உறிஞ்சி எடுக்கும் நீர் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். போகப் போகப் பழகிவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாரும் சொன்னார்கள். கை பழகியது, வயிறு பழகவில்லை. பச்சைச் சளி, துருநிறச் சளி, நூல் நூலாக இழுபடும் சளி என்று பார்த்துப் பார்த்து வீட்டில் அவள் சாப்பிடுகிற பண்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. முதலில் வெண்டைக்காய் போனது. பிறகு ஜவ்வரிசிப் பாயசம். அப்புறம் அரைவேக்காட்டு முட்டை. இளநீர் குடிப்பாள், வழுக்கையைச் சுரண்டிக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவள் கணவன் ராஜ்கமல் சாரம் பகுதியில் டூவீலர் பட்டறை வைத்திருந்தான். "நாள் பூரா கிரீஸ்ல கைய வச்சிட்டு வந்து நான் சோறு துன்னல?" என்பான்.

"கிரீசு யாரு தொண்டையில இருந்தும் வரல" என்பாள் அவள்.

மருத்துவமனையில் யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. முகக்கவசத்துக்கு மேலே தெரிகிற கண்களை மட்டும் அசையாமல் வைத்துக்கொள்ளக் கற்றிருந்தாள். அதனால் அவளுக்கு நெஞ்சுரம் அதிகம் என்று ஒரு பேர் வேறு இருந்தது.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நுரையீரல் மருத்துவர் கலைவாணனின் அறையிலிருந்து ஒரு குப்பி வந்தது. சுற்றிலும் பனிக்கட்டி வைத்த டப்பாவுக்குள் அறுபது மில்லி நீர். கூடவே வந்த சீட்டில் எழுதியிருந்தது: முருகையன், வயது 67.

முருகையனின் கதை கார்குழலிக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும். முத்தியால்பேட்டைக்காரர். மில்லில் நூற்புப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. மனைவி இல்லை. ஒரே மகள் சரிதா சில மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, காலாப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தாள். அங்கே போன சில மாதங்களில் இருமல் தொடங்கியது. மாலையானால் காய்ச்சல். பிறகு மூச்சிரைப்பு. எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடிப்பாகத்தில் வெள்ளைத் திட்டுகள். சளியில் கிருமி எதுவும் கிடைக்காதபோதும், காசநோயாகத்தான் இருக்கும் என்று ஒரு மருத்துவர் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். திட்டுகள் பெரிதாயின. பஞ்சுத் தூசு முப்பது வருடம் உள்ளே போனால் இப்படித்தான் ஆகும் என்று இன்னொருவர் சொல்லி அனுப்பிவிட்டார். கடைசியில் கலைவாணனிடம் வந்து சேர்ந்தார்கள். குழாயை மூக்கு வழியாக உள்ளே இறக்கி, வலது நுரையீரலின் அடிப்பகுதியில் உப்புநீரைப் பாய்ச்சி, திரும்ப உறிஞ்சி எடுத்து, அந்த நீரைத்தான் இப்போது கீழே அனுப்பியிருந்தார்.

நுரையீரலைக் கழுவிய நீர் சாதாரணமாக அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் மாதிரி இருக்கும். லேசான கலங்கல், மேலே கொஞ்சம் நுரை, அவ்வளவுதான். இந்தக் குப்பியில் இருந்தது புளித்துப்போன நீராகாரம் போல் கெட்டியாக, பழுப்பு ஏறிய வெள்ளையாக இருந்தது. கார்குழலி அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினாள். மேற்பரப்பில் ஏதோ மினுங்கியது. மூன்று நாள் வைத்துச் சுடவைத்த குழம்பின் மேல் விளிம்பு கட்டி நிற்குமே, அது மாதிரி ஒரு படலம். குப்பியைச் சாய்த்தபோது படலம் தனியாக வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. குப்பியின் உள்சுவரில் ஒரு தடம் விட்டுவிட்டுப் போனது.

அவளுக்குக் குமட்டி வாயில் நீர் ஊறியது. குப்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி பத்து வரை எண்ணினாள். பிறகு கையுறையை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

ஒரு பகுதியைக் கிருமி வளர்ப்புக்கு ஒதுக்கினாள். ஒரு பகுதியைக் காசநோய்ப் பரிசோதனைக்கு. மீதியில் பெரும்பகுதியை வலைத்துணியில் வடிகட்டி, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைத்து, அடியில் படிந்த செல்களைக் கண்ணாடிச் சில்லில் தடவி, ஆல்கஹாலில் முக்கிச் சாயம் ஏற்றினாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

நுரையீரலுக்குள் தூசு, கிருமி, அழுக்கு எது போனாலும் அதைத் தின்று துப்புரவு செய்வதற்கென்று சில பெரிய செல்கள் உண்டு. முருகையனின் நீரில் பார்க்கும் இடமெல்லாம் அவைதான் இருந்தன. ஒவ்வொன்றும் ஊதிப் பெருத்து, உள்ளே ஓட்டை ஓட்டையாக, ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி இருந்தது. எதையோ அளவுக்குமேல் தின்றிருக்கின்றன. என்ன தின்றன என்பது தெரியவில்லை. தின்றது கரைந்துபோய் இடம் மட்டும் காலியாகத் தெரிந்தது.

ஆல்கஹாலில் கரையக்கூடியது எது என்று யோசித்தாள். கொழுப்பு கரையும். எண்ணெய் கரையும்.

குப்பியில் இன்னும் ஐந்து மில்லி இருந்தது. அன்றைய கழிவோடு கொட்டியிருக்க வேண்டியது. ஆல்கஹால் படாமல் அதைப் புதிதாகச் சில்லில் தடவி, காற்றில் உலர்த்தி, அலமாரியின் பின்வரிசையில் வருடத்துக்கு ஒருமுறைகூட எடுக்காத கொழுப்புச் சாயப் புட்டியைத் தேடி எடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு நோயாளியின் நீரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தபோது அந்த மற்றவரின் செல்கள் வெளிறிக் கிடந்தன. முருகையனின் செல்கள் ஒவ்வொன்றிலும் ஆரஞ்சுச் சிவப்பாகத் துளிகள், பெரிதும் சிறிதுமாக, மீன் முட்டை மாதிரி அடைந்து கிடந்தன. செல்களுக்கு வெளியிலும் துளிகள் மிதந்தன.

ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் எண்ணெய் தேங்கியிருக்கிறது. அவர் ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் அந்த எண்ணெய் உள்ளே சலசலத்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணை எடுத்துவிட்டாள்.

கலைவாணன் தானே கீழே வந்து பார்த்தார். நாற்பது வயதுக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது வெளியிலிருந்து போனது மேடம். உடம்புல உண்டாகிற கொழுப்பு இவ்வளவு பெரிய துளியா இருக்காது. யாரோ இவருக்கு எண்ணெய் குடுக்கறாங்க. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கறது சரியா இருக்காது. சோறு, தண்ணின்னா புரையேறி இருமிடுவாரு. சில எண்ணெய்க்கு இருமல்கூட வராது. சத்தமில்லாம நேரா உள்ள இறங்கிடும்."

அன்று மாலை அவர் சரிதாவைக் கூப்பிட்டுக் கேட்டார். மூக்கில் எண்ணெய் விடுகிற பழக்கம் உண்டா? வாயில் எண்ணெய் கொப்பளிப்பாரா? மலம் இளக ஏதாவது கொடுக்கிறார்களா? புதுச்சேரியிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிற சரிதா, சீருடைகூட மாற்றாமல் வந்திருந்தாள். "அப்படில்லாம் எதுவும் இல்ல சார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். இல்லத்துக்குப் போன் போட்டபோது அங்கே உரிமையாளர் பிரேம்குமார் மரியாதையாகப் பேசினார். அப்படி எதுவும் கொடுப்பதில்லை, உங்கள் ஆய்வகத்தில் குப்பி மாறியிருக்கலாம் என்றார்.

குப்பி மாறியிருக்கலாம் என்ற சொல் கார்குழலியைக் குத்தியது. பத்தொன்பது வருடத்தில் அவள் கையில் ஒரு குப்பி மாறியதில்லை. மறுநாள் மதியம் அவளே மூன்றாம் மாடி வார்டுக்குப் போனாள்.

முருகையன் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து படுத்திருந்தார். உடம்பில் எலும்பும் கண்ணும்தான் மிச்சம். உதட்டோரம் எச்சில் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவள் பார்வையைக் கொஞ்சம் மேலே, அவர் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, நான் கீழ லேப்ல வேல பாக்கறேன். வாயில எதனா ஊத்துவாங்களா உங்களுக்கு, அந்த இல்லத்துல?"

அவர் உதடு கோணியது. "என்ன" என்றார்.

அவள் சத்தமாகத் திரும்பக் கேட்டாள். மறுபடியும் "என்ன" என்றார். இடது கையைத் தூக்கித் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "என்ன. என்ன."

டியூட்டியில் இருந்த நர்ஸ் பாரதி காரைக்கால் பக்கத்துப் பெண். ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "வந்த நாள்லேர்ந்து இதேதான் அக்கா. எது கேட்டாலும் என்ன என்னங்கிறாரு. காது மந்தம்னு நினைக்கிறேன். பழைய கேஸ் ஷீட்லயும் அப்படித்தான் எழுதியிருக்காங்க."

கார்குழலி படி இறங்கத் திரும்பினாள். இரண்டடி வைத்தவள் நின்றுவிட்டாள்.

அவளும் முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள்தான். அவள் அப்பாவும் அதே மில்லில் ஷிப்டு பார்த்தவர். அந்தத் தெருக்களில் யாரும் 'என்ன' என்று கேட்க மாட்டார்கள். 'இன்னா' என்றுதான் கேட்பார்கள். அவளே வேலைக்கு வந்த பிறகுதான் அதை மாற்றிக்கொண்டாள். முப்பது வருடம் மில்லில் கிடந்த மனிதன், நாக்கு இழுத்துக்கொண்ட பிறகா 'என்ன' என்று திருத்தமாகக் கேட்கப்போகிறான்?

திரும்பி வந்து கட்டிலருகே குனிந்தாள். "எண்ணெயா ஐயா? எண்ண எண்ணன்னா சொல்றீங்க?"

முருகையனின் கண்கள் அகலமாயின. தலையை வேகமாக ஆட்டினார். அதில் மூச்சு வாங்கியது. இடது கையால் தன் மூக்கைப் பிடித்து அழுத்திக் காட்டினார். தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தார். கட்டை விரலை வாய்க்குள் கவிழ்த்தார். அப்புறம் விரல்களை விரித்து, தினம் தினம் என்பது போல் காற்றில் தட்டிக்கொண்டே இருந்தார். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

எத்தனை மருத்துவரிடம், எத்தனை மாதமாக இந்த மனிதர் தன் நோயின் பெயரைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைத்தபோது கார்குழலிக்கு எல்லார் மேலும் ஒரு வெறுப்பு வந்தது. காது மந்தம் என்று எழுதிய கை யாருடையதோ, அது சாப்பாட்டுக்கு முன் கழுவப்பட்டிருக்குமா என்றுகூட யோசித்தாள்.

கார்குழலி போய்ச் சொன்னதைக் கலைவாணன் கேட்டுக்கொண்டார். "அரசாங்கத்துக்கு எழுதறேன். ஆனா அவங்க விசாரிக்க வர்றதுக்குள்ள அந்த எண்ணெய் இடம் மாறிடும். அங்க இன்னும் எத்தன பேருக்குக் குடுக்கறாங்கன்னு தெரியணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை சரிதா அப்பாவின் துணிமணிகளை எடுத்துவர இல்லத்துக்குப் போகப் போவதாகச் சொன்னாள். நானும் வரேன் என்று கார்குழலி கிளம்பினாள். சரிதாவுக்கு அதில் விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு வழியில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் பச்சை நிறக் கட்டடம். மாலை ஆறு மணி இருக்கும். வாசலிலேயே மல்லிகை வாசனை ஸ்பிரே. தரை ஓடுகளில் முகம் பார்க்கலாம். ஒரு துளி நாற்றம் இல்லை. இருபது பேருக்கு மேல் கிழங்கள் படுத்திருக்கும் இடத்தில் நாற்றமே இல்லாதது கார்குழலிக்கு விசித்திரமாக இருந்தது.

நீளமான கூடத்தில் இரண்டு வரிசைக் கட்டில்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆயாம்மா, மாலா என்று பேர், கையில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனும் குழிக்கரண்டியும் வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக நகர்ந்துகொண்டிருந்தாள். தலையணையை உருவுவாள். மூக்கைப் பிடிப்பாள். வாய் தானாகத் திறக்கும். கேனிலிருந்து ஊற்றிய நிறமற்ற எண்ணெயை இரண்டு கரண்டி உள்ளே கவிழ்ப்பாள். தோளில் கிடக்கும் துண்டால் கரண்டியைத் துடைத்துவிட்டு அடுத்த கட்டில். எல்லார் வாய்க்கும் அதே கரண்டி. எல்லார் எச்சிலுக்கும் அதே துண்டு. துண்டு நனைந்து கனத்துப் பழுப்பேறியிருந்தது.

நான்காவது கட்டிலில் செல்வாம்பாள் என்ற கிழவி பல்லைக் கடித்துக்கொண்டாள். எண்ணெய் வாயோரம் வழிந்து கழுத்து மடிப்பில் இறங்கியது. மாலா சலிக்காமல், கரண்டி விளிம்பால் கழுத்திலிருந்து தாடைவரை அதை வழித்தெடுத்து, கூடவே வந்த எச்சிலோடும் வியர்வையோடும், திரும்ப வாய்க்குள் ஊற்றினாள்.

கார்குழலி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு இது?" என்றாள்.

மாலாவுக்கு அதில் மறைக்க எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. "வயிறு போறதுக்குத்தான். இருவத்திரண்டு பேருக்கு நானும் இன்னொருத்தியும்தான். கண்ட நேரத்துல போனா யாரு அள்ளறது? இத ஊத்திட்டா காலைல அஞ்சு மணிக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்துல போயிடும். வரிசையா கழுவி உட்டா ஆறு மணிக்கு வேல முடிஞ்சிடும். எனக்கும் மூக்கு இருக்குல்ல?"

கார்குழலி கேனைத் திருப்பி, ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். மலம் இளக்கக் கொடுக்கிற பாரஃபின் எண்ணெய். மணமும் இல்லை, ருசியும் இல்லை, தொண்டையை உறுத்தவும் உறுத்தாது. போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

அதற்குள் பிரேம்குமார் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. கோபப்படவில்லை. இருவரையும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"எண்ணெய் குடுக்கலன்னீங்களே சார் போன்ல."

"சமையல் எண்ணெயக் கேக்கறாங்கன்னு நெனச்சேன் மேடம். இது மருந்து. கடையில சீட்டே இல்லாம குடுக்கறான்." பிறகு சாய்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. சொந்தக்காரங்க யார் வந்தாலும் வாசல்ல நின்னு மொதல்ல மோந்துதான் பாக்கறாங்க. நாத்தம் வந்தா அப்பாவ சேக்க மாட்டாங்க. சாப்பாடு இன்னான்னு கேக்கறவன் பத்துல ரெண்டு பேரு. நாத்தம் பாக்கறவன் பத்துக்குப் பத்து. இந்தம்மாவையே கேளுங்க." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்தார். "சம்மதக் கடிதம் வாங்கித்தான் செய்யறோம்."

முருகையன் என்ற பெயருக்கு எதிரே, மலமிளக்கி கொடுக்கச் சம்மதம் என்ற வரிக்குக் கீழே, சரிதாவின் கையெழுத்து இருந்தது.

சரிதா பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் கார்குழலி அவளைப் பிடித்தாள். உப்புக்காற்று முகத்தில் ஒட்டியது. அவளுக்குக் கூடத்தில் பார்த்த துண்டைவிட, பக்கத்தில் நிற்கிற இந்தப் பெண்ணின் கை அசிங்கமாகத் தெரிந்தது.

"டாக்டர் அவ்ளோ தூரம் கேட்டாரே. தெரிஞ்சே இல்லன்னுட்டியே."

"மலம் போறதுக்குன்னுதான் தெரியும்க்கா. நெஞ்சுக்குள்ள போவும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் கேட்டப்ப தெரிஞ்சிதுல்ல?"

 சென்னைக்குப் போகும் பஸ் ஒன்று எதிர்ப்பக்கம் நின்றுவிட்டுப் போனது. பிறகு சரிதா சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மொத நாலு மாசம் வீட்லதான் வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரரு லாரிக்குப் போயிடுவாரு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. நான்தான் கழுவணும். உள்ள போனாலே ஒமட்டும். மூக்குல துணி கட்டிக்கினு போவேன், அப்பவும் ஒமட்டும். ஒரு நாளு தாங்க முடியாம அவரு மேலயே வாந்தி எடுத்துட்டேன்க்கா. எங்கப்பா மேலயே.  என் வாயில பட்டுக்கப் போவுதுன்னு, அவரு இடது கையால முடிய எடுத்துப் பின்னால உட்டாரு." அவள் நிறுத்தினாள். "அதுக்கப்புறம் என்னால அந்த ரூமுக்குள்ளயே போவ முடியல. இங்க சேத்தேன். இங்க வந்து மூணு தடவ படுக்கையில போயிட்டாரு. இன்னொரு தடவன்னா இட்டுனு போயிடுங்கன்னாங்க. அப்பதான் அந்தத் தாள நீட்டினாங்க. எதுல வேணா போடறேன்னு போட்டுட்டேன்."

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா, அப்பா பீய அள்ள முடியாம இப்படிப் பண்ணவன்னு பாப்பீங்க. இப்ப நீங்க பாக்கறீங்களே, இப்படித்தான்."

கார்குழலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பார்வை எப்படி இருந்தது என்று அவளுக்கே தெரியும். பஸ் வந்ததும் ஏறி, சரிதாவின் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டாள். முத்தியால்பேட்டை நிறுத்தத்தில் சரிதா இறங்கும்போதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய்க் கை கழுவும்போது, சோப்பு நுரையைப் பார்த்தபடி, எனக்கு இந்த வேலைக்கு முகக்கவசமும் கையுறையும் சம்பளமும் கொடுக்கிறார்கள், அவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று நினைத்தாள். அப்படி நினைத்தும் கோபம் முழுசாக ஆறவில்லை.

படங்களையும் பரிசோதனை அறிக்கையையும் சேர்த்துக் கலைவாணன் அரசாங்கச் சுகாதாரத் துறைக்கு அனுப்பினார். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு விசாரணைக் குழு இல்லத்துக்குப் போனது. செல்வாம்பாள் அதற்கு இரண்டு நாள் முன்பே இறந்திருந்தாள்; முதுமை என்று எழுதி, எரித்தும் விட்டார்கள். மற்றவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்ததில் ஒன்பது பேருக்கு நுரையீரலில் திட்டு இருந்தது. நான்கு பேரின் நுரையீரலைக் கழுவியெடுத்த நீர் கார்குழலியின் மேசைக்கு வந்தது. நான்கு குப்பிகளிலும் அதே படலம். கண்ணை அசைக்காமல் நான்கையும் செய்து முடித்தாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது ராஜ்கமல் தோசைக்கு நல்லெண்ணெய் ஊற்றியபோது எழுந்து வெளியே போய்விட்டாள்.

இல்லத்தைப் பூட்டினார்கள். அபராதம் போட்டார்கள். டிசம்பரில் மாலா மருத்துவமனைக்கு வந்து வார்டில் ஆயாம்மா வேலை இருக்குமா என்று கேட்டாள். பிரேம்குமார் விழுப்புரம் ரோட்டில் மனைவி பேரில் வேறொரு இல்லம் திறந்துவிட்டதாகவும், வாசலில் இப்போது ரோஜா வாசனை அடிப்பதாகவும் அவள்தான் சொன்னாள். கார்குழலி அதைக் கலைவாணனிடம் சொன்னாள். அவர் முகவரியைக் கேட்டு வாங்கி, மறுபடியும் எழுத உட்கார்ந்தார்.

முருகையனின் நுரையீரலை மூன்று முறை கழுவினார்கள். எண்ணெய் நின்றுபோனதும், கழுவக் கழுவப் படலம் மெலிந்தது. மூன்றாவது குப்பியில் விளிம்பில் மட்டும் மினுக்கம் தெரிந்தது. நுரையீரலில் விழுந்த வடு போகாது என்று கலைவாணன் சொல்லிவிட்டார். ஆனால் காய்ச்சல் விட்டது, ஆக்சிஜன் தேவைப்படவில்லை. உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், கஞ்சியைக் கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். சரிதா அப்பாவை முத்தியால்பேட்டை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேலை நேரத்தைக் காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள் என்று பாரதி சொன்னாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரிதாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. எங்க வீட்டுக்காரரு லோடு எடுத்துக்கினு நாக்பூர் போயிருக்காரு. பெரிய பொண்ணுக்குக் கையில கட்டு. அப்பாவ ஒத்த ஆளாப் புரட்ட முடியல. காலைலேர்ந்து அப்படியே கெடக்கறாரு."

கார்குழலிக்குப் போக விருப்பமில்லை. அந்த அறை எப்படி இருக்கும் என்று போனை வைப்பதற்குள்ளேயே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையாவது சுத்தமாக இருக்கலாம் என்று நினைத்தவள், சலித்துக்கொண்டே வண்டியை எடுத்தாள்.

சின்ன வீடு. உள்ளறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. கார்குழலி முகக்கவசம் கொண்டுவரவில்லை. சரிதா நீட்டிய துணியை மூக்கில் கட்டிக்கொண்டாள். முருகையன் அவளைப் பார்த்தார். உடனே கண்ணை மூடிக்கொண்டார். அவர்கள் கையில் தன் உடம்பு இருக்கிறவரை திறப்பதில்லை என்று முடிவு செய்தவர் மாதிரி இமையை இறுக்கிக்கொண்டார்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்டினார்கள். முதுகு வரைக்கும் ஏறியிருந்தது. சரிதா துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினாள். இரண்டாவது துணியில் அவளுக்கு ஓங்கரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். கார்குழலி அவரைப் புரண்டு விழாமல் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடி, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தொண்டைவரை வந்துதான் நின்றது. சரிதா முகம் கழுவிக்கொண்டு திரும்ப வந்தாள். மூன்றாவது துணியை நனைத்தாள். மறுபடி ஒரு முறை ஓடினாள், மறுபடி வந்தாள்.

முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. புது விரிப்பு போட்டு, சட்டை மாற்றி, மூன்று தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்த பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார். கார்குழலியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

கொல்லைக் குழாயடியில் இருவரும் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினார்கள். கார்குழலி விரலை மோந்து பார்த்துவிட்டு நான்காவது தடவையும் கழுவினாள்.

"தெனமும் இப்படித்தான்க்கா. இன்னும் ஒமட்டுது" என்றாள் சரிதா. "ஒமட்டிக்கினேதான் செய்யறேன்."

"எனக்கும் ஒமட்டும்" என்றாள் கார்குழலி. பத்தொன்பது வருடத்தில் வீட்டுக்கு வெளியே ஓர் ஆளிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "சளியப் பாத்தா. தெனமும்."

சரிதா நம்பாமல் பார்த்தாள். பிறகு, "டீ போடட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

"இப்ப வேணாம். கொஞ்ச நேரம் போவட்டும்."

"எனக்கும் இப்ப எறங்காது."

இருவரும் கொல்லைப்படியில் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டில் யாரோ மீன் கழுவுகிற வாடை வந்தது. உள்ளே முருகையன் இருமினார். கார்குழலி தலையைச் சாய்த்துக் கேட்டாள். வறட்டு இருமல், உள்ளே சளியோ சலசலப்போ இல்லை. இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.